மாங்கொட்டையை விதை வங்கி ஏற்காதது ஏன்? பயிர் ரகங்களை உறையவைத்துக் காக்கும் தொழில்நுட்பம்

சித்தூர்: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்திலுள்ள பங்காருபாளையம் சந்தை, மாம்பழப் பருவத்தில் தோத்தாபுரி காய்களால் நிரம்பி வழியும். தமிழகத்தில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அறியப்படும் இந்த ரகமே மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளுக்கு முதன்மையான மூலப்பொருள். 2025 பருவத்தில் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும் என்றும், அரசு 4 ரூபாய் மானியம் அளிக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரே ரகத்தைப் பெரிதும் நம்பியிருப்பதன் இடர் அந்தப் பருவத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஆலைக்கு வேண்டாத ரகங்களின் மரங்கள் வெட்டப்பட்டுவிட்டால், பின்னர் தேவைப்படும்போது அவற்றை எங்கிருந்து பெறுவது?

நெல், கேழ்வரகு போன்ற பயிர்களுக்கு விடை எளிது. விதையை உலர்த்தி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்தால் பல்லாண்டு முளைப்புத்திறன் குன்றாது. டெல்லியில் தேசிய தாவர மரபணு வளங்கள் பணியகத்தின் மரபணு வங்கியும், 2008இல் நார்வேயின் ஸ்வால்பார்டில் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகமும் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

மாவுக்கு இது பொருந்தாது. மாங்கொட்டை உலர்ந்தால் உயிரிழக்கும். ஈரத்துடன் உறையவைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிப்படிகங்களாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். பலா, தென்னை, ரப்பர் ஆகியவற்றின் விதைகளும் இத்தகையவையே. மற்றொரு சிக்கலும் உண்டு. தோத்தாபுரி கொட்டையை நட்டால் தோத்தாபுரியே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மகரந்தம் தந்த மரத்தின் பண்புகளும் கன்றில் கலந்துவிடும். விவசாயிகள் ஒட்டுக்கன்றுகளையே வாங்குவதற்கு இதுவே காரணம். எனவே கொட்டையைச் சேமிக்க முடிந்தாலும் ரகத்தைச் சேமித்ததாகாது.

கண்ணாடியாகும் நீர்

இத்தகைய பயிர்களுக்காகவே திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், தாவரத் திசுவை உறையவைக்கும் முறை உருவானது. அந்த வெப்பநிலையில் உயிரணுக்களின் வேதிவினைகள் ஏறத்தாழ நின்றுவிடுவதால் திசு மூப்படைவதில்லை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா சகாய், மல்பெரிக் குச்சிகள் இக்குளிரைத் தாங்கி மீண்டும் துளிர்ப்பதை 1960இல் வெளியிட்டார். 1990இல் அவரது குழு வெளியிட்ட கரைசலில் கிளிசரால், எத்திலீன் கிளைகால், டிஎம்எஸ்ஓ ஆகியவை அடங்கும். இதில் ஊறும் குருத்து நுனியிலிருந்து நீரின் பெரும்பகுதி வெளியேறிவிடும். எஞ்சிய நீர், விரைந்து குளிர்விக்கும்போது படிகமாகாமல் கண்ணாடி போல இறுகிவிடும். கரைசலில் சில நிமிடங்கள் கூடினால் நஞ்சாகும். குறைந்தால் பனி உருவாகும். ஒவ்வொரு பயிருக்கும் இந்த நேரத்தைத் தனித்தனியே கண்டறிய வேண்டியிருப்பதால்தான் பணி மெதுவாக நகர்கிறது.

வாழையில் இம்முறை வென்றுள்ளது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் உள்ள பன்னாட்டு வாழை மரபணு வங்கியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாழை மாதிரிகள் திரவ நைட்ரஜனில் உள்ளன. சித்தூருக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபணு வள மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளை வயலில் பராமரிக்கிறது. அவற்றில் தேர்ந்தெடுத்த வகைகளின் உறக்க நிலை மொட்டுகள் ஓரளவு உலர்த்தப்பட்டு, படிப்படியாகக் குளிர்விக்கப்பட்டு, டெல்லி பணியகத்தில் திரவ நைட்ரஜனில் சேமிக்கப்பட்டன.

மாவின் நிலை

மாவில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. குருத்தை வெட்டியவுடன் பீனால் பொருட்கள் கசிந்து திசு கருத்துவிடுகிறது. முதிர்ந்த மரத்தின் திசுவில் நுண்ணுயிர்த் தொற்றும் அதிகம். கொட்டைக்குள் இருக்கும் தாய்த் திசுவிலிருந்து கருக்களை வளர்த்து உறையவைப்பது ஆய்வுக்கூட அளவில் கைகூடியுள்ளது. நடைமுறையில் எளிதானது மகரந்தம்தான். மா மகரந்தத்தை உலர்த்தி உறையவைத்து, ஆண்டுகள் கழித்தும் பயன்படுத்த முடியும் என்பது டெல்லி பணியகத்தின் ஆய்வுகளில் உறுதியானது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் மகரந்த வங்கி நடத்துகிறது. ஆனால் மகரந்தத்தில் இருப்பது மரத்தின் பாதி மரபணுக்கள் மட்டுமே. புதிய கலப்பினம் உருவாக்க அது போதும். அழிந்த மரத்தை அப்படியே மீட்டுத் தராது.

ஆகவே மா ரகங்களின் காப்பகம் இன்றும் உயிருள்ள மரங்களே. லக்னோவின் மத்திய துணை வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனத் தோப்பில் 700க்கும் மேற்பட்ட மா வகைகள் நிற்கின்றன. புயல், வறட்சி, பூச்சித் தாக்குதல் எதுவும் அவற்றையும் விட்டுவைக்காது. இடமும் ஆட்கூலியும் ஆண்டுதோறும் தேவை. 10 லட்சம் மாதிரிகளுக்கு இடமளிக்கும் இரண்டாவது தேசிய மரபணு வங்கி அமைக்கப்படும் என 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மாமரத்தைப் பொறுத்தவரை, அதற்குள் செல்லத்தக்க வடிவம் இன்னும் ஆய்வுக்கூடங்களில்தான் தேடப்படுகிறது. அதுவரை, வீட்டுக் கொல்லையிலோ வரப்போரத்திலோ நிற்கும் பெயர் தெரியாத நாட்டு மாவின் ஒட்டுக்குச்சியை, அது வெட்டப்படும் முன் எடுத்து வேறொரு கன்றில் கட்டிவைப்பதே அந்த ரகத்துக்கு இருக்கும் வழி.