முடிவு தெரிந்த கதையும் மெதுவான நடையும்

ஒரு கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால், அக்கதையைக் கேட்க யார் அமர்வார்? இக்கேள்விக்கு இலக்கிய வரலாறு என்றோ விடை கூறிவிட்டது. பண்டைய ஏதென்ஸ் நகரின் திறந்தவெளி அரங்கில் ஈடிப்பஸ் மன்னனின் நாடகத்தைக் காண வந்தவர்கள், அம்மன்னனுக்கு நேரப்போவதை நன்கு அறிந்தே வந்தார்கள். அறிந்திருந்தும் அமர்ந்தார்கள், அமர்ந்து கலங்கினார்கள். 'இனி என்ன நடக்கும்?' என்ற ஆவலைவிட, 'இது எவ்வாறு நடந்தது? ஏன் நடந்தது?' என்ற வினா மனித மனத்தை ஆழமாகப் பற்றிக்கொள்கிறது.

இந்தப் பழைய உண்மையை நம் காலத்தில் புதிதாகச் சோதித்துப் பார்த்திருப்பது தொலைக்காட்சி. ஒரு தொடர் புகழ்பெற்று முடிந்தபின், அதன் நிகழ்ச்சிகளுக்கு முற்பட்ட காலத்தைக் கூறும் மற்றொரு தொடர் வெளிவருகிறது. இதனை முன்கதைத் தொடர் எனலாம். திரைப்படத்தில் இம்முயற்சிக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம். மகனின் பிற்காலத்தையும் தந்தையின் இளமையையும் மாற்றி மாற்றிக் காட்டிய படம் அது. ஆனால் திரைப்படத்துக்கு மூன்று மணி நேரமே உண்டு. தொலைக்காட்சித் தொடரோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. எனவே அங்கே கதையின் வேகம் என்பது பெரிய வினாவாகிவிடுகிறது. முடிவு தெரிந்த கதையை மெல்ல மெல்ல நடத்திச் செல்வது அக்கதைக்குப் பலமா, பலவீனமா? அமெரிக்கத் தொலைக்காட்சியின் கடந்த இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை முன்வைத்து இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

இரண்டு தடுமாற்றங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் ஆட்சி செய்தது விளம்பரதாரரின் கடிகாரம். விளம்பர இடைவேளைக்குமுன் ஒரு திடுக்கிடும் திருப்பம் வேண்டும். இல்லையேல் பார்ப்பவர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். ஆண்டொன்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகளை உருவாக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு வாரமும் ஒரு சிக்கல், அவ்வாரமே அதற்கொரு தீர்வு என்பது பொதுவான முறையாயிற்று.

2001ஆம் ஆண்டு தொடங்கிய 'என்டர்பிரைஸ்' இம்முறையில் பிறந்த முன்கதைத் தொடரே. 1966ஆம் ஆண்டின் 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட கதை அது. விண்வெளியில் மனிதர் எடுத்துவைத்த முதல் அடிகளைக் காட்டுவது அதன் நோக்கம். ஆயினும் முதல் இரண்டு பருவங்களில் பெரும்பாலும் வாரம் ஒரு புதுக்கதை என்றே அது ஓடியது. மூன்றாம் பருவத்தில் ஒரே நீண்ட கதையையும், நான்காம் பருவத்தில் மூலத் தொடரின் வேர்களையும் அது கையிலெடுத்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 98 பகுதிகளோடு 2005ஆம் ஆண்டு அத்தொடர் நிறுத்தப்பட்டது. இங்கே விரைவு கதையைக் காப்பாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இதற்கு நேர்மாறானது 'காப்ரிகா'. 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரில் மனித இனத்தை அழிக்க வரும் இயந்திர மனிதர்கள் எவ்வாறு தோன்றினர் என்பதைச் சொல்ல எழுந்தது இத்தொடர். மூலக்கதைக்கு 58 ஆண்டுகள் முற்பட்ட காலம். இரயில் வண்டியில் வெடித்த குண்டுக்கு மகளைப் பலிகொடுத்த இரு தந்தையர். அவர்களுள் ஒருவர் தொழிலதிபர், மற்றவர் வழக்கறிஞர். போர்க்கப்பல்களின் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் குடும்பத் துயரத்தின் நிதானமான சித்திரத்தைக் கண்டார்கள். 2010 சனவரியில் தொடங்கிய அத்தொடரைப் போதிய பார்வையாளர் இல்லையென்று அதே ஆண்டு அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். 18 பகுதிகளே அதன் ஆயுள்.

காப்ரிகா மெதுவாக நடந்ததனால் வீழ்ந்தது என்று பலர் கூறினர். அக்கூற்றில் பாதி உண்மையே உண்டு. அதன் கருப்பொருள் செறிவானது. ஆனால் அது பல கிளைக்கதைகளில் சிதறிச் சென்றது. எந்த மனிதரின் வாழ்வை நாம் பின்தொடர வேண்டும் என்பதை உறுதியாகக் காட்டவில்லை. வழித்துணை யாரெனத் தெரியாத பயணம் குறுகியதாயினும் நீண்டதாகவே தோன்றும்.

ஒரு வழக்கறிஞரின் நெடும்பயணம்

மெதுவான நடையின் வலிமையை உலகுக்கு உணர்த்திய தொடர் 'பெட்டர் கால் சால்'. இதன் மூலம் 'பிரேக்கிங் பேட்' (2008-2013). நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில், வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் வணிகராக மாறிய கதை அது. அதன் இரண்டாம் பருவத்தில், 2009ஆம் ஆண்டு, சால் குட்மன் என்றொரு வழக்கறிஞர் தோன்றினார். பகட்டான உடை, மலிவான விளம்பரம், குற்றவாளிகளுக்குத் தயங்காமல் வழிசொல்லும் நாக்கு. சிரிப்பூட்டும் துணைப்பாத்திரமாகவே வந்தார். அவரை மையமாக்கி வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும் உருவாக்கிய முன்கதை 2015 பிப்ரவரி முதல் 2022 ஆகஸ்டு வரை, ஆறு பருவங்களாக, 63 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று.

இத்தொடரின் மெதுவான நடை முன்னரே வகுத்த திட்டம் அன்று என்பது வியப்புக்குரியது. முதலில் அரைமணி நேர நகைச்சுவைத் தொடராகவே இதனை எண்ணியிருந்தனர். பின்னர் ஒருமணி நேரக் கதையாக மாற்றியபோதும், நாயகன் விரைவிலேயே சால் குட்மனாகிவிடுவான் என்றே கருதினர். ஆனால் எழுத எழுத, சால் ஆவதற்கு முன்னிருந்த ஜிம்மி மெக்கில் என்ற மனிதனின்மீது அவர்களுக்கே பற்று ஏற்பட்டுவிட்டது. அவனை அவ்வளவு விரைவில் இழக்க மனம் வரவில்லை. அதனை அவர்களே பேட்டிகளில் கூறியிருக்கிறார்கள். ஆக, இத்தாமதத்தின் பிறப்பிடம் கணக்கு அன்று, பரிவு.

ஜிம்மி தன் தமையன் சக்கின் சட்ட நிறுவனத்தில் கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவன். யாருக்கும் சொல்லாமல் அஞ்சல்வழியில் சட்டம் பயின்று வழக்கறிஞனானவன். அந்நிறுவனம் அவனைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. நோயுற்ற தமையனுக்கு நாள்தோறும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பியை எட்டுப் பகுதிகள் பொறுமையாகக் காட்டிய பின்னரே, ஒன்பதாம் பகுதியில் உண்மை வெளிப்படுகிறது: கதவை அடைத்தவர் அந்தத் தமையன்தான். இதனை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அது வெறும் செய்தியாகியிருக்கும். எட்டு வாரம் அவ்வுணவுப் பையோடு நாமும் நடந்தபின் சொன்னதால் அது காயமாகிறது.

அவன் சட்டப்படி சால் குட்மன் என்ற பெயரில் தொழில்புரிய விண்ணப்பிப்பது நான்காம் பருவத்தின் இறுதியில், அதாவது நாற்பதாம் பகுதியில், 2018ஆம் ஆண்டு. வழக்குரைக்கும் உரிமத்தைத் திரும்பப் பெறுவதற்காக, மறைந்த தமையனை நினைத்து விசாரணைக் குழுவின்முன் கண்ணீர் மல்கப் பேசுகிறான். கேட்டவர் உருகுகின்றனர். அவனுடைய துணைவி கிம்மும் கலங்கி நிற்கிறாள். வெளியே வந்ததும், அத்தனையும் நடிப்பே என்று அவன் மகிழ்ந்து கூறும்போது அவள் முகம் உறைந்துபோகிறது. பெயர் மாறியது அந்தக் கணத்தில். மனிதன் மாறியது அதற்குமுன் கடந்துபோன நூறு சிறு கணங்களில். நூறில் ஒவ்வொன்றிலும் அவன் திரும்பியிருக்கக் கூடும் என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

எங்கே பயன்? எங்கே இழப்பு?

முன்கதைத் தொடருக்கு இயல்பாகவே ஒரு குறையுண்டு. மூலக்கதையில் உயிரோடு வருபவர் இங்கே சாகமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே 'பிழைப்பாரா?' என்ற அச்சம் அவரைப் பொறுத்தவரை இல்லை. இதனை இத்தொடர் ஈடுசெய்த விதம் நுட்பமானது. மூலக்கதையில் வராத மனிதர்களை அது நாயகனின் பக்கத்தில் நிறுத்தியது. கிம் வெக்ஸ்லர் நேர்மையும் திறமையும் கொண்ட வழக்கறிஞர். பிரேக்கிங் பேட் தொடரில் அவள் சுவடே இல்லை. அவள் என்ன ஆனாள்? இறந்தாளா, பிரிந்தாளா, அவளும் கெட்டாளா? முடிவு தெரிந்த கதைக்குள் முடிவு தெரியாத ஒருத்தி. அவள் இருக்கும்வரை எவ்வளவு மெதுவான காட்சியும் பதைப்பின்றி நகர்வதில்லை.

காத்திருத்தலையே காட்சியாக்கிய இடங்களும் உண்டு. மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில், தன்னை யாரோ வேவு பார்ப்பதை உணர்ந்த மைக் என்ற முன்னாள் காவலர், தம் காரைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடுகிறார். நீண்ட நேரம் பேச்சே இல்லை. ஒளித்துவைத்த கருவி இறுதியில் பெட்ரோல் தொட்டியின் மூடிக்குள் கிடைக்கிறது. பின்னர் அதன் மின்கலத்தைத் தீரச்செய்து, அதை மாற்ற வருபவனுக்காக இரவு முழுதும் விழித்திருக்கிறார். இங்கே மெதுவான நடையே அம்மனிதரின் குணச்சித்திரம். பொறுமைதான் அவருடைய ஆயுதம் என்பதை வேறு எவ்வாறு காட்ட இயலும்?

அதே தொடரில் இழப்பும் உண்டு என்பதை ஒளிக்கலாகாது. நான்காம் பருவத்தில் நிலத்தடிப் போதைமருந்துக் கூடம் ஒன்றைக் கட்டும் பணி பல பகுதிகளுக்கு நீள்கிறது. அக்கூடம் கட்டி முடிக்கப்பட்டதை மூலக்கதையில் முன்பே பார்த்துவிட்டோம். ஆகவே தோண்டுவதையும் பாறையைப் பிளப்பதையும் காணும்போது நம் மனம் கடிகாரத்தைப் பார்க்கிறது. அப்பணியை நடத்தும் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னருக்கும் மைக்குக்கும் இடையே நட்பு அரும்பி, அந்த நண்பரையே மைக் சுடவேண்டிய நிலை வரும்போதுதான் அத்தாமதம் பொருள் பெறுகிறது. கூடம் எழுவது முன்பே தெரிந்த செய்தி. மைக்கின் நெஞ்சு இறுகிப்போனது நாம் அறியாத செய்தி. தெரிந்த பொருளின் வருகையைத் தள்ளிப்போடும் தாமதம் சுமை. தெரியாத மனத்தைத் திறந்துகாட்டும் தாமதம் கொடை.

இக்கொடைக்கு விலையும் உண்டு. முதல் நாள் ஏறத்தாழ 69 இலட்சம் பேர் கண்ட தொடர் அது. பின்னாளில் நேரடி ஒளிபரப்பைக் காண்போர் தொகை பெரிதும் குறைந்தது. எம்மி விருதுகளுக்கு 53 முறை பரிந்துரை பெற்றும் ஒன்றைக்கூட வென்றதில்லை. மெதுவாக நடப்போர் எல்லாரையும் உடன் அழைத்துச் செல்ல முடிவதில்லை.

பிந்தைய இரு சான்றுகள்

2022ஆம் ஆண்டு தொடங்கிய இரு தொடர்கள் இவ்வளவுகோலை உறுதிசெய்கின்றன. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முன்கதையான 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' முதல் பருவத்தில் ஆண்டுகளைத் தாவித் தாவிச் சென்றது. நடுவில் பத்தாண்டு கடந்து, முதன்மைப் பெண்பாத்திரங்கள் இருவருக்கும் நடிகையரே மாறினர். 2024இல் வந்த இரண்டாம் பருவமோ எட்டுப் பகுதிகள் நடந்து, படைகள் புறப்படும் தறுவாயில் நின்றுவிட்டது. பலரும் ஏமாற்றமடைந்தனர். போர் வரும் என்பது தெரியும். அதுவே மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது.

டோனி கில்ராய் உருவாக்கிய 'ஆண்டோர்' மற்றொரு வழி சென்றது. நாயகன் காசியன் இறக்கப்போவதை 2016ஆம் ஆண்டின் 'ரோக் ஒன்' திரைப்படம் முன்பே காட்டிவிட்டது. தொடக்கம் மெதுவானது என்பதனாலோ என்னவோ, முதல் மூன்று பகுதிகள் ஒரே நாளில் வெளியிடப்பட்டன. அதன் சிறைக் காட்சிகள் மறக்கவொண்ணாதவை. வெறுங்காலோடு நிற்கும் கைதிகள் என்னவென்று தெரியாத இயந்திர உறுப்புகளை நாள்தோறும் பூட்டுகின்றனர். பின்தங்கும் மேசைக்குத் தரையின் வழியே மின்னதிர்ச்சி. இரண்டு பகுதிகள் இவ்வுழைப்பின் சலிப்பை நம்மேல் ஏற்றிய பின்னரே கிளர்ச்சி வெடிக்கிறது. அவர்கள் செய்த உறுப்புகள் பேரழிவுக் கருவியான 'டெத் ஸ்டார்' கோளத்துக்குரியவை என்பதைப் பருவத்தின் இறுதியில்தான் காண்கிறோம். ஐந்து பருவங்களாக எண்ணியதை இரண்டாகச் சுருக்கியதால், 2025இல் வந்த இரண்டாம் பருவம் மூன்று பகுதிக்கு ஓராண்டு வீதம் விரைந்தது. ஆனால் நின்ற இடங்களில் ஆழமாகவே நின்றது.

திரும்பியிருக்கக் கூடிய வழி

ஒருவனின் முடிவை மட்டும் அறிந்தவர்கள் அவனை எளிதில் தீர்ப்பிட்டு விடுகிறார்கள். செய்தித்தாளில் ஒரு குற்றவாளியின் பெயரைப் படிக்கும்போது, அவன் என்றுமே அப்படித்தான் இருந்தான் என்று நாம் எண்ணிக்கொள்வதில்லையா? சால் குட்மனையும் பார்வையாளர்கள் அப்படித்தான் கண்டு சிரித்தார்கள். ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் அவனோடு நடந்தபின் அந்தச் சிரிப்பு எளிதாக வரவில்லை. அவன் குற்றங்கள் குறையவில்லை. அவன் சூழ்ச்சியின் விளைவாகக் குற்றமற்ற ஒருவர் உயிரிழக்கவும் செய்கிறார். ஆனால் அவனுக்குமுன் திறந்திருந்த வழிகளை நாம் எண்ணிப் பார்த்துவிட்டோம்.

இறுதிப் பகுதியில், தன் நாவன்மையால் தண்டனையை ஏழாண்டளவுக்குக் குறைத்துக்கொண்ட அவன், நீதிமன்றத்தில் எழுந்து உண்மையை முழுமையாக ஒப்புக்கொள்கிறான். 86 ஆண்டுச் சிறை கிடைக்கிறது. நீதிபதி சால் என்று அழைக்க, தன் பெயர் ஜேம்ஸ் மெக்கில் என்கிறான். அந்தப் பெயரை அவன் இழப்பதை நாற்பது பகுதிகள் காத்திருந்து கண்டவர்களுக்கே, அதை அவன் மீட்டுக்கொள்வதன் எடை தெரியும்.

மெதுவான நடை தன்னளவில் சிறப்பும் அன்று, குற்றமும் அன்று. கதை நின்று நிதானிக்கும் இடத்தில் ஒரு மனிதன் தேர்ந்துகொண்டிருக்கிறானா, அல்லது நிகழ்ச்சி வெறுமனே தாமதமாகிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முன்னதாயின் காத்திருப்போம், பின்னதாயின் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம்.