நோயும் ஞானமும்: ஆன்டன் பாய்சன் கண்ட வழி

மனம் ஒன்றிலேயே ஆழ்ந்து நிற்பதெல்லாம் நன்மை பயப்பதன்று. தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காக வகுத்த சமணச் சான்றோர், பின்னிரண்டே வீடுபேற்றுக்கு ஏதுவாவன என்றனர். உள்ளத்துள் எழுவது நோயின் கொந்தளிப்போ, ஆன்மிக அனுபவமோ என்னும் வினா மனநல மருத்துவ வரலாற்றிலும் எழுந்துள்ளது. அதனைத் தம் வாழ்வைக் கொண்டே ஆராய்ந்தவர் அமெரிக்கக் கிறித்தவ சமயகுருவான ஆன்டன் பாய்சன் (1876–1965).

1920 அக்டோபரில், தம் சமய நம்பிக்கையை எழுத்தில் வடித்துக்கொண்டிருந்த பாய்சனை, உலகம் அழியப்போகிறது என்னும் எண்ணம் திடீரெனப் பற்றியது. குடும்பத்தார் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தனர். ஏறத்தாழப் 15 திங்கள் அங்கிருந்தார். மருத்துவர்கள் நோயைக் கண்டனரேயன்றி, நோயாளியின் உள்ளத்தைக் கேட்டறியவில்லை. சமயத்தாரோ இத்தகையோரைப் பெரிதும் கருத்திற்கொள்ளவில்லை. இவ்விரு குறைகளும் அவர் நெஞ்சில் தைத்தன.

நலம்பெற்ற பாய்சன், 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் அரசு மருத்துவமனையில் சமயகுருவாகப் பணியேற்றார். அடுத்த ஆண்டே இறையியல் மாணவர் நால்வரை வரவழைத்து, நோயாளிகளுக்குத் தொண்டு செய்யவும் அவர்தம் வரலாறுகளை நூல்களைப் போலக் கற்கவும் பயிற்றினார். மனக்கலக்கங்களுட் சில, உடலின் காய்ச்சலைப் போல, உள்ளம் தன்னைச் சீர்செய்துகொள்ள முயல்வதன் அறிகுறிகள் என்பது அவர் துணிபு. எல்லாக் கலக்கமும் ஞானமாகும் என்று அவர் கூறவில்லை. 1930இலும் 1935இலும் நோய் மீண்டபோது தாமே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்.

1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப்பகுப்பு நூலில், சமய, ஆன்மிகச் சிக்கல்களை மனநோய் அல்லாத தனிப்பிரிவாகச் சேர்த்தது. நோயையும் அனுபவத்தையும் வேறுபடுத்திக் காணும் பொறுப்பை மருத்துவர்களும் இவ்வாறு ஏற்றனர்.

இவ்வரலாறு நமக்கும் உரியதே. திருமணப் பேச்சுக்கு இடையூறாகும் என்றஞ்சி, என் மாணவர் ஒருவரை ஈராண்டுகள் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்ததைக் கண்டவன் யான். இல்லத்து இளையோர் ஒருவர் உறக்கமிழந்து, உணவை வெறுத்து, பிறர் கேளாக் குரலைக் கேட்பதாகக் கூறின், அதனை விரதப் பயனென்று போற்றி வாளாவிருத்தலும் தவறு; பித்தென்று இகழ்ந்து ஒளித்தலும் தவறு. காலந்தாழ்த்தாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அந்த இளையவர் சொல்வதைப் பொறுமையுடன் அமர்ந்து கேட்டலும் வேண்டும். முன்னது மருத்துவம்; பின்னது அகிம்சை.