உதயகிரிக் கோட்டை: மதிலும் மரமும்

மண்டைக்காட்டிலிருந்து கடற்கரையோரமாக மேற்கே சென்றால் குளச்சல் வரும். உள்நாட்டுப் பாதையில் வடகிழக்கே சென்றால் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சி வரும். தொலைவு சிறிதே எனினும், திருவிதாங்கூர் வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்று இவ்விரண்டு ஊர்களுக்கிடையே அடங்கிக் கிடக்கிறது. குளச்சலில் தோற்ற ஒருவர் புலியூர்க்குறிச்சியில் எழுப்பிய மதில், இன்று ஒரு பூங்காவைக் காத்து நிற்கிறது. அதுவே உதயகிரிக் கோட்டை.

1741 ஆகஸ்டு 10ஆம் நாள் மார்த்தாண்டவர்மரின் படை குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை வென்றது. சிறைப்பட்டோருள் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். பகைவனின் திறமையைத் தன் நாட்டுக்கு உரியதாக்கிக் கொண்டதே மன்னரின் பேரறிவு. டி லனாய் படைவீரர்க்குப் புதுமுறைப் பயிற்சி அளித்தார். ‘வலிய கப்பித்தான்’ என்னும் சிறப்புப் பெயரும் பெற்றார்.

பதினேழாம் நூற்றாண்டளவில் தோன்றிய பழைய கோட்டை, அவர் மேற்பார்வையில் 1741–1744 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பெற்றது. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில், தனிக்குன்று ஒன்றைத் தன்னுள் அடக்கி, பெருங்கருங்கற்களால் ஆன மதில் வளைந்து செல்கிறது. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் இருந்தது. அருகிலுள்ள பத்மநாபபுரம் அன்று தலைநகர். அதற்கு அரணாக நின்றது உதயகிரி. மக்கள் இதனைத் ‘தில்லானைக் கோட்டை’ என்றும் வழங்கினர்.

1777இல் மறைந்த டி லனாய் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கூரையிழந்த சிற்றாலயத்துள் அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பிரெஞ்சு நாட்டு அராஸ் நகரில் பிறந்தவருக்குத் தமிழ் எழுத்தில் ஒரு நினைவுக்கல்! 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1809இல் வேலுத்தம்பித் தளவாயின் எழுச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலேயப் படை ஆரல்வாய்மொழி அரணைத் தகர்த்து உள்நுழைந்தபின், பத்மநாபபுரமும் உதயகிரியும் அதன் கைப்பட்டன. கோட்டையின் போர்ப்பணி அத்துடன் முடிந்தது எனலாம்.

பின்னாளில் வனத்துறை இங்குப் பல்லுயிர்ப் பூங்கா அமைத்தது. ஸ்காத்லாந்துப் பெருநிலக்கிழார்களும் தம் மாளிகைகளையொட்டி மதில்தோட்டங்கள் அமைத்திருந்தனர். அங்கு மதில் குளிர்காற்றைத் தடுத்தது. பகலில் ஏற்ற வெயிலை இரவில் கனிமரங்களுக்கு வழங்கியது. முதல் உலகப் போருக்குப்பின் தோட்டக்காரர் அருகியதால், அத்தோட்டங்கள் பல பாழ்பட்டு மதில் மட்டும் எஞ்சியது. இங்கோ பீரங்கிக்காக எழுந்த மதில், பீரங்கி ஓய்ந்தபின் தோட்டத்தைப் பெற்றது. அங்கே மரம் போய் மதில் நின்றது. இங்கே மதில் நிற்க மரம் வந்தது.

எனினும் ஒன்று கருதத்தக்கது. நிழல் தரும் மரமே கல்லிடுக்கில் வேரூன்றினால் மதிலைப் பிளக்கும். அதுபோன்றே, பூங்காவின் இனிமையில் கோட்டையின் வரலாறும் மறைந்துவிடக் கூடும். நிழலுக்கு வரும் சிறுவர், அக்கல்லறையின் தமிழ் வரிகளையும் கண்டு செல்லுதல் வேண்டும். தோற்றவனையும் மதித்து ஏற்றுக்கொண்ட ஒரு நாட்டின் பெருந்தன்மை அவ்வரிகளில் வாழ்கிறது. மரத்தைப் பேணுவோர் மதிலையும் பேணுவாராயின், உதயகிரி இரண்டு செல்வங்களையும் வருங்காலத்துக்கு ஒருசேர வழங்கும்.