யாக்: அட்டைத் துண்டுகளில் தொடங்கிய கருவி

நிரலர் எழுதிய வரிகளைச் சொல் சொல்லாகப் பிரித்து, மொழியின் இலக்கணத்துக்கு அவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரின் முன்பகுதி. எழுவாய், பயனிலை பிரிக்கிற வேலைதான். 1957-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலரில் இதெல்லாம் கையால் எழுதிய வேலை. அல்கால் 60 மொழியின் அறிக்கை வந்தபின் நிலைமை மாறியது. ஒரு மொழியின் தொடரமைப்பு முழுவதும் அதில் விதிகளாகவே எழுதப்பட்டிருந்தது. விதிகள் இருக்கின்றன என்றால், இலக்கணம் பார்க்கும் பகுதியான பார்சரை அவற்றிலிருந்து இயந்திரமே ஆக்கிக்கொள்ளலாமே? மான்செஸ்டரில் புரூக்கரும் மாரிஸும் அட்லஸ் கணினிக்காக 'கம்பைலர் கம்பைலர்' என்றே ஒன்றைச் செய்தார்கள்.

1965-இல் டொனால்ட் நூத், இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் படித்துச்செல்லும் எல்.ஆர். முறையை வகுத்தார். ஒவ்வொரு படியிலும் என்ன செய்வது என்று பார்சருக்குச் சொல்லும் அட்டவணைதான் அன்றைய கணினி நினைவகத்தில் அடங்காத அளவுக்குப் பெரியது. அதைச் சுருக்கும் வழியை 1969-இல் ஃபிராங்க் டிரெமர் கண்டார்.

நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சனுக்கு வேண்டியிருந்தது மிகச் சிறிய விஷயம்: 'பி' மொழியில் ஒரு புதிய செயற்குறி. சக ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஏஹோ நூத்தின் முறையைச் சொல்லி, ஜான்சன் தந்த இலக்கணத்துக்கு அட்டைத் துண்டுகளை வைத்துக்கொண்டு கையாலேயே அட்டவணை போட்டுத் தந்தார். இலக்கணத்தில் பிழை தெரியவரும், மறுபடி முதலிலிருந்து. சில சுற்றுகளுக்குப் பிறகு, ஏஹோ என்னதான் செய்கிறார் என்று கேட்டறிந்து, அதையே நிரலாக எழுதிவிட்டார் ஜான்சன். அதுதான் யாக். 'இன்னுமொரு கம்பைலர் கம்பைலர்' என்பது பெயரின் விரிவு. 1975-இல் அதன் அறிக்கை வந்தது. சொற்களைப் பிரித்துத் தரும் லெக்ஸ் கருவியை அதே ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் எழுதினார்கள்.

வேகத்தைவிட யாக்கின் பெரிய உதவி, இலக்கணத்தில் ஒளிந்திருக்கும் இரட்டைப் பொருளைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு 'இஃப்', ஒரே ஒரு 'எல்ஸ்' என்றால் அந்த எல்ஸ் யாருக்கு? யாக் இதை முரண் என்று எச்சரித்துவிட்டு, அருகிலுள்ள இஃப்புக்கே கொடுத்துவிடும். கையால் எழுதியவர் கண்ணுக்கு இது தப்பியிருக்கக்கூடும்.

யூனிக்ஸின் ஆக், பி.சி. போன்ற கருவிகளின் பார்சர்கள் யாக்கில் எழுதப்பட்டவை. 1985-இல் ராபர்ட் கார்பெட் எழுதிய, யாக் போன்ற பைசன், பின்னர் குனு திட்டத்தின் கருவியானது. ஆனால் நிரலர் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் 'தொடரமைப்புப் பிழை' என்ற மொட்டைச் செய்தியே இக்கருவிகள் தாமாகத் தந்தன. எங்கே, என்ன தவறு என்று விளக்க, கையால் எழுதிய பார்சரே தோதாக இருந்தது. சி++ போன்ற மொழியோ எல்.ஆர். விதிகளுக்குள் எளிதில் அடங்குவதாயில்லை. ஜி.சி.சி. கம்பைலர் 2004-இல் சி++ மொழிக்கும் 2006-இல் சி மொழிக்கும் பைசனைக் கைவிட்டுக் கையால் எழுதிய பார்சருக்குத் திரும்பியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ எஸ்.க்யூ.எல். கட்டளைகளை இன்றும் பைசன் ஆக்கிய பார்சரால்தான் படிக்கிறது.