தோட்டமும் தொழிற்பயிற்சியும்: நிபோங் திபால் வட்டாரத்தின் ஒரு வரலாறு

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் நிபோங் திபால். வெளியூரார் இவ்வூரைக் கடலுணவுக்காகவும், அண்மையிலுள்ள கலிடோனியா தோட்டத்துத் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகைக்காகவும் அறிவர். பள்ளி விடுமுறைகளில் மாணவர்கள் அம்மாளிகையைப் பார்த்துவந்து, 1948-இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டத் துரையைப் பற்றியும், பேய் உலவுவதைப் பற்றியும் கதை கதையாய்ச் சொல்வர். அம்மாளிகையைச் சூழ்ந்த தோட்டத்தில் உழைத்தவர்கள் தம் தொழிலை யாரிடம் கற்றனர், வேறு தொழில் கற்க அவர்களுக்கு எப்போது வழி திறந்தது என்று என்னிடம் ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்கப்படாத அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

தென் செபராங் பிறையில் முதலில் தழைத்தது கரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்து காவான், கலிடோனியா, பைராம் முதலிய இடங்களில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். சஞ்சிக்கூலி எனப் பெயர் பெற்ற அம்முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய அக்காலத்திலேயே கரும்பு மறைந்து இரப்பர் அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டது. கங்காணி வழியே ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்த பின்னரே அது ஓய்ந்தது.

இந்நெடுங்காலத்தில் தொழில் என்பது கண்ணால் கற்கப்பட்டது. பால் வெட்டும் தொழிலைப் பாமரத் தொழில் என்று எண்ணுவோர் உளர், அஃது அறியாமை. பட்டையைச் சீவும் கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தின் உயிர்ப்படலம் காயப்படும்; காயம்பட்ட இடம் புடைத்துப் போகும்; பட்டை மீண்டும் வளர்ந்தாலும் அங்கே செம்மையாய் வெட்ட இயலாது. மேலோட்டமாகச் சீவினாலோ பால் குறையும். மயிரிழை அளவான இந்நிதானத்தை விடியற்காலை இருளில், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் காட்டவேண்டும். இதனைத் தாய் வெட்டும்போது அருகில் நின்று பார்த்தே மகள் கற்றாள். ஆலையில் பால் உறையவைப்பதையும், தகடு உருட்டுவதையும், இயந்திரத்திற்கு எண்ணெய் இடுவதையும் அவ்வாறே கற்றனர். கற்றதற்குச் சான்றிதழ் இல்லை; சான்றிதழ் இன்மையால் அக்கல்வி தோட்டத்து எல்லைக்கு வெளியே செல்லாக் காசாயிற்று. தோட்ட நிருவாகத்திற்கு அது வசதியாகவே இருந்தது எனலாம்.

அரசு செலவிட்டு நடத்திய பயிற்சியொன்று தோட்டத்து மனிதரை முதலில் வந்தடைந்தது, வியப்பாக, தமிழாசிரியர் வழியாகவே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தது. பள்ளி என்று பெயர். பாடம் சொன்னவர் கிராணியாகவோ, கங்காணியின் உறவினராகவோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியாகவோ இருந்தார். காலையில் பால் வெட்டி மாலையில் பாடம் சொன்னோரும் உண்டு. இவர்களுக்கு முறையான பயிற்சி தரும் முயற்சி 1930-களின் பிற்பகுதியில் தொடங்கியது. போருக்குப் பின் அது வார இறுதி வகுப்புகளாக வளர்ந்தது. ஆசிரியர் வாரநாட்களில் தம் தோட்டப் பள்ளியில் கற்பிப்பார். வார இறுதியில் அருகிலுள்ள நகருக்குச் சென்று தாம் மாணவராக அமர்வார்.

என் இளமையில் எனக்குப் பாடம் சொன்னோருள் அவ்வகையில் பயின்றவர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை இரவே வெள்ளைச் சட்டையைத் துவைத்து உலர்த்தி வைத்ததையும், சனிக்கிழமை விடியுமுன் மிதிவண்டியில் பெருஞ்சாலை வரை வந்து பேருந்துக்குக் காத்திருந்ததையும் அவர் அடிக்கடி நினைவுகூர்வார். மழைக்காலத்தில் செம்மண் பாதையில் சறுக்கி விழுந்து, சேறு படிந்த சட்டையுடனே வகுப்பில் அமர்ந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்ததில்லை. அக்காலத்துப் பயிற்சி குறைபாடு மிக்கது என்பதில் ஐயமில்லை. பயிற்சி பெற்ற தமிழாசிரியரின் ஊதியமும் மதிப்பும் பிறமொழி ஆசிரியரினும் தாழ்ந்தே இருந்தன. ஆயினும் அப்பயிற்சி வெற்றி பெற்றது. அதற்கான காரணத்தை நான் பல்லாண்டு எண்ணிப் பார்த்ததுண்டு. பயில்வோர் ஊதியத்தை இழக்கவில்லை. கற்பித்தது அவர்க்கு விளங்கும் மொழியில். வகுப்பு, ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் பலர் அதனை முடித்திருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன்.

1956-இல் ரசாக் அறிக்கை வந்த பிறகு ஆசிரியப் பயிற்சி நாடு தழுவிய அமைப்பாயிற்று. பகல்நேரப் பயிற்சிக் கல்லூரிகளும், 1960-களில் வட்டாரப் பயிற்சி மையங்களும், பின்னர் முழுநேரக் கல்லூரிகளும் எழுந்தன. அவ்வரலாறு இங்கே விரிக்கத் தக்கதன்று. ஆசிரியர்கள் அதனை அறிவர்.

கைத்தொழிற் பயிற்சியின் கதை வேறு. விடுதலைக்குப் பின் அரசு தொழில்துறையை வளர்க்க முனைந்தது. 1964-இல் கோலாலம்பூரில் முதல் தொழிற்பயிற்சிக் கழகம் தோன்றியது. 1971-இல் பயிற்சித் தரத்தையும் சான்றிதழையும் ஒழுங்குசெய்யத் தேசிய வாரியம் ஒன்று அமைந்தது. இதே ஆண்டுகளில் தோட்டத்தில் நிகழ்ந்ததையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் பலர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். துண்டாடலுக்கு மாற்றாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்த்தனர். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றாயிற்று. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். வேலை இழந்த குடும்பத்து இளைஞனுக்கு அந்நேரத்தில் கைத்தொழிற் பயிற்சியினும் தேவையானது வேறொன்றில்லை.

பயிற்சி இருந்தது, அவனால் நுழைய முடியவில்லை. கழகங்களில் சேர மூன்றாம் படிவத் தேர்ச்சி வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்தவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, பின்னர் பிறமொழியில் மூன்றாண்டு பயின்று அத்தேர்வை எழுதவேண்டும். பாதி வழியில் நின்றோரே பலர். வயிற்றுப்பாட்டுக்கு அவன் ஈட்டும் நாட்கூலி வீட்டுக்குத் தேவையாயிருந்தது. ஆசிரியர் பெற்ற மூன்று வசதிகளில் ஒன்றேனும் அவனுக்கு வாய்க்கவில்லை. திட்டம் தீட்டியவர்கள் தோட்டத்து இளைஞனை வெறுத்தனர் என நான் சொல்லமாட்டேன். அவனை நினைக்கவில்லை என்பதே பொருந்தும்.

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து வாசல்வரை வந்து இளம்பெண்களை ஏற்றிச்சென்றது. 1985-இல் பாலம் திறக்கப்படும் முன்பு, பெருநிலத்திலிருந்து சென்றோர் படகுத்துறையிலும் காத்திருக்கவேண்டும். இப்பெண்கள் நுண்பெருக்கியின் வழியே முடியினும் மெல்லிய கம்பியை இணைத்தனர். தாய் பால் வெட்டிய அதே நிதானம் மகளுக்குக் கைகொடுத்தது என்று சொன்னால் மிகையன்று. ஆனால் அவர்கள் கற்றது ஓர் இயந்திரத்தின் ஒரு செயல் மட்டுமே. இயந்திரம் மாறியபோது அத்திறனும் பயனற்றதாயிற்று.

திறனாளர் பற்றாக்குறையை உணர்ந்த பினாங்கு மாநிலம் 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவியது. மாநில அரசு இடம் தர, தொழில் நிறுவனங்கள் கருவிகளும் பாடத்திட்டமும் தந்து கூட்டாக நடத்திய இம்மையம் பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. அதே ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சி மன்றமும் அமைந்தது. 1992-ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஐம்பது தொழிலாளரும் அதற்கு மேலும் கொண்ட உற்பத்தி நிறுவனங்கள், ஊதியத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை 1993 முதல் ஒரு நிதியில் செலுத்தவேண்டும்; தம் தொழிலாளரைப் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனத்திற்கு அனுப்பினால் செலவை அந்நிதியிலிருந்து திரும்பப் பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அச்சட்டம் தோட்டத் துறையைத் தொடவில்லை. வேளாண்மைத் துறை அந்நிதிக்குள் வந்தது 2021-இல்! அதற்குள் நம் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் அருகிவிட்டனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். நிபோங் திபாலில் மனிதவள அமைச்சின் கீழ் இயங்கிய தொழிற்பயிற்சிக் கழகம் ஆறுமுகம் பிள்ளை என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. என்.தி.எஸ். ஆறுமுகம் பிள்ளை தமிழகத்திலிருந்து இளமையில் இந்நாட்டுக்கு வந்து, வாணிபத்தால் உயர்ந்து, ஐரோப்பியர் விற்ற தோட்டங்களை வாங்கிய பெருஞ்செல்வர். தோட்டம் வாங்கியவர்களைப் பற்றி நம் மக்களிடையே கசப்பான பேச்சும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அரசின் பயிற்சிக் கழகங்களின் பட்டியலில் ஊர்ப்பெயர்களுக்கு நடுவே ஒரு தமிழர் பெயர் நின்றது சிறிய செய்தியன்று.

என் மாணவன் ஒருவனைப் பற்றி ஈண்டுக் கூறவேண்டும். கணக்கில் சுமாரானவன், ஆனால் பள்ளியில் மின்விசிறி நின்றால் முதலில் அவனைத்தான் தேடுவோம். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவத்தை எப்படியோ முடித்துவிட்டு, ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். சந்தையில் கண்டு, "அந்தத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தால் என்னப்பா?" என்றேன். "அது ஃபேக்டரி இல்லையா சார்?" என்றான். பள்ளிப் பேருந்தில் அவ்வழியே பலமுறை போய் வந்தவன். நான்கைந்து மைல் தூரத்தில் அரசு நடத்தும் பயிற்சி, தங்கும் விடுதி, மிகக் குறைந்த கட்டணம். அவனிடம் இவற்றைச் சொன்னவர் எவருமில்லை. ஆறாண்டு அவனுக்குத் தலைமையாசிரியனாய் இருந்த நானும் சொல்லவில்லை. அவன் தந்தையைப் பார்க்கச் சென்றபோது அவர் கேட்ட முதற்கேள்வி, "அங்க படிக்கிறப்ப மாசம் எவ்வளவு சார் கொடுப்பாங்க?" என்பது. அக்கேள்வியில் பேராசை இல்லை. நாட்கூலியில் வளர்ந்த ஒரு தலைமுறையின் கணக்கு அது.

மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று வழிகளில் கிடைக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். தகுதிபெற்ற மையத்தில் பயிலலாம். 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில், பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலும் எஞ்சியதை வகுப்பிலும் கற்கலாம். இதில் பயில்வோர் ஊதியத்தை இழப்பதில்லை என்பது பழைய வார இறுதி வகுப்பை நினைவூட்டுகிறது. மூன்றாவது, பட்டறிவால் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிப்பது. கண்ணால் கற்றவனுக்கு ஏற்ற வழி இதுதான். தோட்டத்து ஆலைகளில் நாற்பதாண்டு இயந்திரம் பார்த்த நம் பெரியவர்களுக்கு இவ்வழி வாய்த்திருந்தால் என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. அவர்களுள் பலர் இன்றில்லை.

தனியார் மையங்களின் வழியே அரசுப் பணம் பயிற்சிக்குச் செல்வதும் இன்று பெருகியிருக்கிறது. திறன் மேம்பாட்டுக் கடனுதவி ஒருபுறம். 2018-இல் மித்ரா எனப் பெயர் பெற்ற இந்தியர் உருமாற்றப் பிரிவின் மானியம் மறுபுறம். மானியத்தைப் பெற்ற சில நிறுவனங்கள் மீது 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதை ஏடுகளில் படித்தோம். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். என் கவலை வேறு: பயிற்சி மையத்தின் பெயர்ப்பலகையை மட்டும் நம்பி மாணவனை அனுப்புதல் கூடாது, அது சான்றிதழ் வழங்கத் தகுதிபெற்றதா, எத்தொழிலுக்கு, எந்நிலை வரைக்கும் என்று கேட்டறிந்தே அனுப்பவேண்டும்.

2014-இல் இரண்டாம் பாலம் பத்து காவானில் வந்து இறங்கியது. அன்று கரும்பு வெட்டிய மண்ணில் இன்று மைக்ரான், போஷ் போன்ற நிறுவனங்கள் சில்லுகளைச் சோதிக்கின்றன. எங்கள் பள்ளியிலிருந்து அங்கே செல்ல அரைமணி நேரம் போதும். சென்ற ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் நான் பயிற்சிக் கழகங்களைப் பற்றிப் பேசி, சேர்க்கை விவரங்களைக் கரும்பலகையில் எழுதினேன். கூட்டம் கலைந்த பின் ஒரு தாய் மட்டும் நின்றார். மூத்த மகன் ஐந்தாம் படிவத்தை முடித்துவிட்டு வீட்டிலிருக்கிறான் என்றார். அவனிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. சுங்கை பாக்காப்பிலிருந்து காலையில் எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பேருந்து நிலையத்திற்குச் சென்று, நேரங்களைக் குறித்து வந்து, அவருடைய இளைய மகளிடம் கொடுத்தனுப்பினேன்.