இரவில் புதைக்கப்பட்டவர்கள்: புதுச்சேரிக் கரையும் தீவுக் கல்லறைகளும்

நோணாங்குப்பம் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுண்ணாம்பாறு படகுத்துறைதான். விடுமுறை நாட்களில் வெளியூர்க் கூட்டம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, படகேறி, பாரடைஸ் பீச்சில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. அந்த மணலில் நின்று கிழக்கே பார்த்தால் வெறும் கடல். ஆனால் இந்தக் கடற்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிய கப்பல்கள் சுமார் இருநூறு ஆண்டுகள் தென்மேற்கே, மடகாஸ்கருக்குப் பக்கத்தில் உள்ள தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. முதலில் அடிமைகளாகப் போனார்கள், பிறகு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அதில் பெரும்பகுதி திரும்பவில்லை.

திரும்பாதவர்களை எங்கே புதைத்தார்கள்? அரிக்கமேட்டில் ரோமானியர் மதுச்சாடி கிடைத்ததைப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். கவர்னர் டூப்ளேக்குச் சிலை இருக்கிறது. கப்பலேறிய கூலிக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியோடு நாங்கள் படித்ததையும் தேடியதையும் இளம் தோழர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

புயல் திறந்த குழிகள்

ரீயூனியன் தீவுக்கு அன்றைய பெயர் பூர்போன். அதன் மேற்குக் கரையில் சேன்-போல் என்ற ஊரில், கடலை ஒட்டி ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1788-இல் ஏற்படுத்தியது. சுற்றுலாப் பயணிகள் அங்கே தேடிப் போவது ஒரு கடற்கொள்ளைக்காரனின் கல்லறையை. லெவாசர் என்று பெயர், பட்டப்பெயர் லா பூஸ். அவனை 1730-இல் தூக்கிலிட்டார்கள். தோட்டம் வந்ததோ 58 ஆண்டுகள் கழித்து. ஆகவே அந்தக் கல்லுக்கு அடியில் அவன் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பூ வைக்க ஆள் இருக்கிறது.

2007 பிப்ரவரியில் கமேட் என்ற புயல் அந்தக் கரையை அரித்தது. கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, மணலுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வெளியே வந்தன. கல் இல்லை, பெயர் இல்லை, எந்த அடையாளமும் இல்லை. பின்னால் தொல்லியலாளர்கள் அங்கே அகழாய்வு செய்தார்கள். சில எலும்புக்கூடுகளில் பற்கள் அரம் வைத்துச் சீவப்பட்டிருந்தன. ஆப்பிரிக்காவின் சில சமூகங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அது அடிமைகளைப் புதைத்த இடம் என்று அறியப்படுகிறது.

கொள்ளைக்காரனுக்கு மதிலுக்கு உள்ளே இடம். அடிமைக்கு மதிலுக்கு வெளியே மணல். நம் ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த வரைபடம் புதிதல்ல.

சட்டமே சொன்னது

இது ஏதோ கவனக்குறைவால் நடந்ததல்ல. 1723 டிசம்பரில் பிரெஞ்சு அரசர் பூர்போனுக்கும், இன்றைய மொரீசியசான பிரான்சுத் தீவுக்கும் ஓர் அடிமைச் சட்டம் பிறப்பித்தார். கரீபியத் தீவுகளுக்காக 1685-இல் போட்ட ‘கறுப்புச் சட்டம்’தான் அதற்கு மூலம். அடிமை எப்படி வாழ வேண்டும் என்பதோடு, செத்தால் எங்கே போக வேண்டும் என்பதையும் அது எழுதி வைத்தது. ஞானஸ்நானம் பெற்ற அடிமை என்றால் எசமான் அவரைப் புனித நிலத்தில் புதைக்க வேண்டும். பெறாதவர் என்றால், இறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு வயலில், இரவு நேரத்தில் புதைக்க வேண்டும்.

இரவு நேரத்தில் என்று சட்டமே சொல்கிறது. இருட்டில் புதைத்தால் கூட்டம் கூடாது, ஒப்பாரி கேட்காது, அடுத்த நாள் இடம் அடையாளம் தெரியாது. மார்க்கச் சடங்கு இல்லாத சாவு என்று காரணம் காட்டினாலும், அதன் விளைவு ஒரு கூட்டம் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கே தடயம் இல்லாமல் போனது.

நம் கரையிலிருந்து போனவர்கள்

‘அடிமைகள் என்றால் ஆப்பிரிக்கர்கள்தானே, நமக்கு என்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. தீவுகளுக்குக் கொண்டுபோன அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் போனவர்கள் என்பது உண்மை. ஆனால் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோனார்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்படிப் போனவர்கள் சுமார் 20,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர் ரிச்சர்ட் ஆலனின் மதிப்பீடு.

இதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1743 ஜூன் மாதம் ஒரு செய்தி எழுதுகிறார். தீவுக்குப் போகும் கப்பலுக்கு அடிமைகள் தேவை என்று சொல்லப்பட்டதும், இங்குள்ள தரகர்கள் சிலர் ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் அடைத்து வைத்து விற்றது அம்பலமானது பற்றிய செய்தி அது. வாங்கியவன் ஐரோப்பியன். பிடித்துக் கொடுத்தவன் உள்ளூர்க்காரன். பஞ்ச காலத்தில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டின் நெல்வயல்களில் பறையரும் பள்ளரும் நிலத்தோடு சேர்த்துக் கைமாறும் படியாட்களாகவும் பண்ணையாட்களாகவும் இருந்த காலம் அது. அடிமை என்ற நிலையை இந்த மண்ணுக்குக் கப்பல்காரன் கற்றுத்தரவில்லை.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். தீவுகளில் எழுதிய அடிமைப் பதிவேடுகளில் பெயர், வயதோடு ‘காஸ்ட்’ என்றே ஒரு கட்டம் இருந்தது. அதில் மலபார், மல்காஷ், காஃபிர் என்று எழுதினார்கள். மலபார் என்றால் பெரும்பாலும் தென்னிந்தியர், அதிலும் தமிழர். மனிதரைப் பிறப்பை வைத்து வகை பிரிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் அதுதான்.

சேன்-போல் மணலில் கிடைத்த எலும்புகள் நம் முன்னோருடையவை என்று நாங்கள் உரிமை கொண்டாடவில்லை. அவை ஆப்பிரிக்கர்களை நோக்கியே கைகாட்டுகின்றன. ஆனால் அதே தீவில், அதே சட்டத்தின் கீழ், இந்தக் கரையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள், செத்தார்கள். அந்த எலும்புகளோடு நமக்கு உள்ள உறவு ரத்தத்தால் வந்ததல்ல, நடத்தப்பட்ட விதத்தால் வந்தது. அந்த உறவும் உறவுதான்.

ஃபூர்சி கேட்ட கேள்வி

மௌனமாகச் செத்தவர்கள் மட்டும் இல்லை, வழக்காடியவரும் இருக்கிறார். மதலேன் என்ற பெண் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த சந்தன்நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே விற்கப்பட்டுப் பிரான்சுக்கும், பிறகு பூர்போனுக்கும் கொண்டுபோகப்பட்டார். அவர் மகன் ஃபூர்சி, 1786-இல் பிறந்தவர். 1817-இல் அவர் தன்னை அடிமையாக வைத்திருந்தவரை எதிர்த்து நீதிமன்றம் போனார். என் தாய் இந்தியப் பெண், பிரான்சு மண்ணில் கால் வைத்தவர், ஆகவே அவர் சுதந்திரர், அவர் வயிற்றில் பிறந்த நானும் சுதந்திரன் என்பது அவர் வாதம். தீவின் நீதிமன்றங்கள் மறுத்தன. சிறையில் போட்டார்கள், மொரீசியசுக்கு அனுப்பினார்கள். அவர் விடவில்லை. 1843 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அவர் பிறவியிலேயே சுதந்திரர் என்று தீர்ப்பளித்தது. 26 ஆண்டுகள் ஆயின.

ஒரு மனிதர் ஜெயித்த ஐந்து ஆண்டில் சட்டமும் மாறியது. 1848 டிசம்பர் 20 அன்று அந்தத் தீவில் 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். அதுவரை பலருக்கு ஒற்றைப் பெயர்தான். விடுதலைப் பதிவில் அதிகாரிகள் ஆளுக்கு ஒரு குடும்பப் பெயரை அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தார்கள்.

அடிமைக்குப் பதிலாகக் கூலி

கரும்புத் தோட்டம் நிற்கவில்லை, ஆகவே ஆள் தேடுவதும் நிற்கவில்லை. 1828-இலேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு குழு ஒப்பந்தத்தில் போயிருந்தது. 1848-க்குப் பிறகு புதுச்சேரியும் காரைக்காலும் கூலிக் கப்பல்களின் துறைகளாயின. ஆழத் துறைமுகம் இல்லாததால் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி மசூலாப் படகில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். 1860-61-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆங்கிலேயர் ஆண்ட மாவட்டங்களிலிருந்தும் ஆள் எடுக்க வழி திறந்தார்கள். தோட்டங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றிய புகார்கள் குவிந்த பிறகு, 1882-இல் ஆங்கில அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் போயிருந்தார்கள். மொரீசியசுக்கு 1834-இலிருந்து இந்தியா முழுவதிலுமிருந்து போனவர்கள் நாலரை லட்சம். அவர்களில் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும் ஏராளம்.

ஏன் போனார்கள்? பஞ்சம், கடன், தரகன் சொன்ன பொய் எல்லாம் காரணம்தான். அதோடு சேரியின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையைப் படியுங்கள். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றலாம். நமக்குப் பஞ்சமி நிலம் வந்தது அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான். அப்படிப்பட்ட ஊரைவிட்டுக் கப்பலேறியவரை ‘ஏமாந்தவர்’ என்று மட்டும் சொல்வது பாதி வரலாறு. தப்பிக்கப் பார்த்தவர் என்பது மீதிப் பாதி.

மொரீசியசில் 1866-68 காலத்தில் மலேரியா ஆயிரக்கணக்கில் உயிரெடுத்தது. இருந்த இடுகாடுகள் போதாமல் 1867-இல் புவா மர்ஷான் என்ற இடத்தில் பெரிய இடுகாடு திறந்தார்கள். ஒப்பந்தக் கூலிகள் பலர் அங்கே கிடக்கிறார்கள். ஆனால் அந்தத் தீவில் கூலிகளின் பதிவேடுகள் தப்பிவிட்டன. பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உயரம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். 1860-களுக்குப் பிறகு புகைப்படங்களும் உண்டு. மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவற்றைப் பாதுகாக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் போய்த் தேடுகிறார்கள். அடக்கி வைக்க எழுதிய பதிவேடு, இன்று அடையாளம் தேடக் கைகொடுக்கிறது.

மலையும் மயானமும்

மொரீசியசின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்ற மலை கடலோரத்தில் செங்குத்தாக நிற்கிறது. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த இடம் அது. 1835-இல் விடுதலைச் செய்தி சொல்லப் போன போலீசாரைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, மீண்டும் அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று மேலிருந்து குதித்தார்கள் என்பது மக்கள் வாய்மொழி. எழுதிய ஆதாரம் இல்லை என்று அதை யாரும் தள்ளிவிடவில்லை. 2008-இல் யுனெஸ்கோ அந்த மலையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அடிமை முறை ஒழிந்த பிப்ரவரி 1 அங்கே அரசு விடுமுறை.

மலையடிவாரத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில், கற்களை அடுக்கி எல்லை கட்டிய பழைய கல்லறைகள் இருக்கின்றன. யார் என்று தெரியாமலே கிடந்தவை. 2010-இல் கிரிஷ் சீதா தலைமையிலான குழு அங்கே அகழாய்வு செய்தது. பொத்தான், நாணயம், களிமண் புகைக்குழாய் போன்ற பொருட்கள் கிடைத்தன. குழந்தைகளின் கல்லறைகளும் இருந்தன. அவசரமாகத் தள்ளி மூடிய குழிகள் அல்ல அவை. நேசித்தவர்கள் நின்று, அவரவர் வழக்கப்படி, கையில் இருந்ததை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சட்டம் இரவில் மறைக்கச் சொன்னவர்களை, சொந்தக்காரர்கள் மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இங்கே

நோணாங்குப்பத்துக்குப் பக்கத்தில்தான் அரிக்கமேடு. 1945-இல் வீலர் தோண்டினார். பிறகு கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கேயும் தோண்டி, முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஊர்களின் பெருங்கற்காலப் புதைகுழிகளையும் ஆராய்ந்து 1956-இல் நூலாக்கினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் செத்தவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையை நாங்கள் குறை சொல்லவில்லை. நேற்றுச் செத்தவருக்கு அது ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், இடுகாட்டுக்குப் போகும் வழியைச் சாதி இந்துக்களின் நிலம் மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். படம் நாடு முழுவதும் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, சாதிக்கொரு மயானம் ஏன் என்று கேட்டது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் கிறிஸ்தவர்களையே பிரித்த சுவரின் கதையும் நமக்குத் தெரியும். 1723-இன் சட்டம் எப்போதோ செத்துவிட்டது. இங்கே எழுதப்படாத சட்டம் உயிரோடு இருக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று வேலை. முதலாவது, உங்கள் ஊர்ச் சேரியின் மயானத்தை அளந்து எழுதுங்கள்: புல எண், பரப்பு, பாதை, தண்ணீர், விளக்கு, ஆக்கிரமிப்பு. வருவாய்த்துறைப் பதிவில் என்ன இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இரண்டாவது, வீட்டுப் பெரியவர்களிடம் ‘மொரீசு’, ‘பூர்போன்’ என்று கப்பலேறிப் போனவர்கள் யார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெயர் நினைவில்லை என்றால் யாருடைய அண்ணன், யாருடைய அத்தை என்றாவது எழுதுங்கள். மூன்றாவது, புதுச்சேரியில் பிரெஞ்சு பாரம்பரியம் பற்றிப் பேசும் எல்லா மேடையிலும் அடிமைக் கப்பலையும் கூலிக் கப்பலையும் பற்றிக் கேளுங்கள். பலகை வைக்கும் இடங்களில் அவர்களுக்கும் ஒரு பலகை கேளுங்கள்.

சேன்-போலில் மணலுக்குள் இருந்தவர்கள் வெளியே வர ஒரு புயல் வேண்டியிருந்தது. இங்கே அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும், கேட்கும் காதும், தாசில்தார் அலுவலகத்துக்கு நாலு தடவை நடக்கும் பொறுமையும் இருந்தால் போதும். இந்த மாதமே ஒரு மயானத்திலிருந்து தொடங்குங்கள்.