இலியட்டும் நம்ம ஊர் நடுகல்லும் (த்ரெட்)

1/ "கிரேக்கக் காவியத்தை மொழிபெயர்ப்புல படிச்சா என்ன டாக்டர் கிடைக்கும்?"னு சிலர் கேக்கறீங்க. சந்தம் போயிடும், உண்மைதான். ஆனா உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை பக்கத்து ஆளுக்கு இலியட் அவ்வளவு அந்நியம் இல்ல. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

2/ ஹோமரோட இலியட் 24 பகுதிகள், 15,000 வரிகளுக்கு மேல. ட்ராய் போரோட 10ஆவது வருஷத்துல சில வாரங்கள்தான் கதை. மரக்குதிரை இதுல வராது. மருத்துவம் படிச்சவன் கண்ணுக்கு முதல்ல படறது காயங்கள். 1879ல ஃப்ரோலிக்ங்கிற ஜெர்மன் ராணுவ மருத்துவர் எண்ணியே பார்த்துட்டார்: 147 காயம். ஈட்டி எங்க பாஞ்சுது, எந்தப் பக்கம் வெளிய வந்துதுன்னு ஹோமர் சொல்றது, நாங்க ஆஸ்பத்திரியில போடற ஏ.ஆர். என்ட்ரி மாதிரியே இருக்கும்.

3/ ஆனா ஏ.ஆர். என்ட்ரியில இல்லாத ஒண்ணு அங்க இருக்கு. 4ஆம் பகுதியில சிமோயிசியஸ்னு ஒரு பையன் சாகறான். வலது மார்புல குத்து, தோள் வழியா வெளிய வருது. உடனே கவிஞர் நின்னு சொல்றார்: மலையில இருந்து இறங்கி வந்த அம்மா, சிமோயிஸ் ஆத்தங்கரையில பெத்த பிள்ளை, அதனாலதான் இந்தப் பேரு. பெத்தவங்க வளர்த்த கடனைத் தீர்க்க அவனுக்கு ஆயுசு இல்ல. அவ்வளவுதான் அவன் பங்கு. ஆனா அவனுக்குப் பேர் இருக்கு, ஊர் இருக்கு.

4/ இதையேதான் நடுகல்லும் செய்யுது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, செங்கம் பக்கம் நிறைய நடுகற்கள் உண்டு. பலதையும் வேடியப்பன்னு கும்பிடறோம். எழுத்துள்ள கல்லுல அரசனோட ஆட்சியாண்டு, வீரன் யாரோட சேவகன், அவன் பேர், மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான்ங்கிற சேதி இருக்கும். 1972ல நாகசாமி பதிப்பிச்ச 'செங்கம் நடுகற்கள்' பாருங்க. மாடு பிடிக்கிற சண்டை இலியட்லயும் உண்டு: 11ஆம் பகுதியில கிழவர் நெஸ்டர் தன் வாலிப வயசு வெட்சிக் கதையைச் சொல்றார்.

5/ இந்த ஒப்புமையை ஆராய்ச்சியாவே செஞ்சவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்காம்ல கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சன்கிட்ட ஆய்வு செஞ்சு, 1968ல ஆக்ஸ்போர்டு வெளியீடா தமிழ் வீரயுகப் பாடல்கள் பத்தி ஆங்கிலத்துல புத்தகம் போட்டார். ஹோமர்ல அடைமொழிகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பா இருக்கா? அது வாய்மொழிப் பாணர் மரபோட அடையாளம். சங்கப் பாட்டையும் அந்தக் கண்ணோட பார்த்தார் அவர்.

6/ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்: யூரிபைலஸ் தொடையில அம்பு. மருத்துவர் மகாவோனே அடிபட்டுக் கிடக்கார். அதனால நண்பன் பாட்ரோக்ளஸ் கத்தியால அம்பை வெட்டி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, கசப்பு வேரைக் கசக்கி வைக்கறான். 15ஆம் பகுதியில பார்த்தா, இன்னும் பக்கத்துல உக்காந்து மருந்து போட்டபடி பேச்சுக் கொடுத்துட்டு இருக்கான்! புறநானூறு 281ல அரிசில் கிழார் காட்டறதும் இதேதான். வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை போட்டு, காஞ்சிப்பண் பாடி, காயம்பட்டவனைப் பெண்கள் காவல் காக்கறாங்க. ரெண்டு ஊர்லயும் காயத்துக்கு மருந்து மட்டும் போதல, ஆள் வேணும்.

7/ இதை ஏன் இன்னிக்கு சொல்றேன்? ஓசூர், சூளகிரி பெல்ட்ல பிரஸ்ல கை மாட்டி வர்ற பசங்கள்ல பலர் ஒடிசா, பீகார்க்காரங்க. வீட்டுக்குப் பணம் அனுப்ப வந்த 20 வயசுப் பிள்ளைங்க. கேஸ் ஷீட்ல பேர் இருக்கும், கட்டில் பக்கத்துல ஆள் இருக்காது. வளர்த்த கடனைத் தீர்க்க வந்தவன் கையைப் பார்த்துட்டுப் படுத்திருப்பான். சிமோயிசியஸ் எனக்குப் புரிஞ்சது அகராதியால இல்ல, இவங்களால.

8/ படிக்க ஆசைப்பட்டா ஈ.வி. ரியூவோட பெங்குயின் உரைநடை (1950) எளிமையா இருக்கும். எமிலி வில்சனோட இலியட் (2023) புதுசு. 4ஆம் பகுதியில ஆரம்பிங்க, அப்புறம் 11. செத்தவன் பேரைத் தாண்டி ஓடாதீங்க, நின்னு படிங்க. வார்டுல தனியா ஒரு பையன் படுத்திருந்தா, "எந்த ஊர்ப்பா, அம்மா என்ன பண்றாங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. மருந்து நாங்க போட்டுக்கறோம்.